வலது பக்கத்துச் சத்தம்

இருங்க சார். அவங்களை அங்க குனியச் சொல்லாதீங்க. அம்மா, நீங்க காதை எடுத்துடுங்க. ஸ்பீக்கர் பக்கத்துல வேண்டாம், இப்படி வந்து நாற்காலியில உக்காருங்க. செட்டு இன்னும் போடல, ஒண்ணும் ஆகாதுதான். எனக்கும் தெரியும். இருந்தாலும் எடுத்துடுங்க.

கொஞ்சம் சத்தமாச் சொல்லிட்டேன் போலிருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வீட்டுல பேச ஆளில்லாம ரெண்டு வருஷம் ஆச்சு. பேச்சோட அளவு மறந்துபோச்சு.

நீங்க அவங்களைச் செய்யச் சொன்னது ஒண்ணும் புதுசு இல்ல சார். பழைய ஆம்ப்ளிஃபயர் வாங்க வர்றவங்க எல்லாரும் செய்யறதுதான். பாட்டு எதுவும் போடாம, வால்யூமை முழுசாத் திருப்பி வச்சுட்டு, ஸ்பீக்கர்ல காதை வச்சுக் கேக்கணும். உம்முனு வந்தா கரண்ட் வர்ற வழியில கோளாறு. உஸ்ஸுனு வந்தா உள்ள இருக்கற பார்ட்ஸ் கிழடு தட்டிடுச்சு. ஒண்ணும் வரலன்னா செட்டு சுத்தம். ஒருத்தர் முன்னால காதை வைக்கணும், ஒருத்தர் பின்னால ஒயரை ஆட்டிப் பாக்கணும். ரெண்டு ஆள் வேலை. இந்த வீட்டுலயும் ரெண்டு பேர் இருந்தோம்.

காபியைக் குடிங்க, ஆறிடும். சர்க்கரை சரியா இருக்கா அம்மா? எல்லாம் என் கையளவுதான்.

வந்ததும் ஒரு கேள்வி கேட்டீங்க. பழைய செட்டு வாங்கி விக்கற அமீர்ஜான் பாய் அனுப்பினாரு, பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல ஃபிட்டரா இருந்த சூசைமாணிக்கம் வீட்டுல ஒரு ஜப்பான் செட்டு இருக்கு, நல்ல சரக்குன்னு சொன்னாரு, ஆனா கடையில புதுசும் பார்த்து வச்சிருக்கோம், எது வாங்கறதுன்னு நீங்களே சொல்லுங்க அப்படின்னீங்க. அதுக்குள்ள அம்மா மெதுவா, புதுசே வாங்கிடலாமேன்னாங்க. நீங்க சிரிச்சீங்க. இவளுக்கு ரிமோட் இருந்தாப் போதும் சார்னு சொன்னீங்க. நானும் கூடச் சிரிச்சேன். பழக்கதோஷம். சிரிச்சிருக்கக் கூடாது.

பதிமூணு வருஷத்துக்கு முன்னால இதே பேச்சு இந்த வீட்டுல நடந்துச்சு. பொண்ணு ஜெசிந்தாவுக்குக் கல்யாணம் முடிஞ்சு ஓசூர் போயிட்டா. வீட்டுல நானும் என் மனைவி ரெஜினாவும்தான். எனக்கு ஒரே ஆசை, ரிட்டயர் ஆகறதுக்குள்ள ஒரு நல்ல செட்டு. இந்த வேலையை நான் யார்கிட்டயும் படிக்கல சார். பழைய பேப்பர் கடையில எலெக்ட்ரானிக்ஸ் புத்தகம் எடைக்கு வாங்கிட்டு வந்து, கெட்டுப்போன ரேடியோவை எல்லாம் பிரிச்சுப் பிரிச்சுக் கத்துக்கிட்டது. அதனால எனக்கு ஒரு திமிர் உண்டு. புதுசு வாங்கறவன் விளம்பரத்தை வாங்கறான், பழசு வாங்கறவன் செட்டை வாங்கறான்னு சொல்லிக்கிட்டுத் திரிவேன்.

ரெண்டு பேருமா ஷோரூம் போனோம். புது ஆம்ப்ளிஃபயரை ஒரு கையால தூக்கிப் பார்த்தேன். தூக்க வந்துடுச்சு. அதோட முடிஞ்சுது எனக்கு. உள்ள டிரான்ஸ்ஃபார்மர் கனமா இருந்தாத்தான் சார் பாட்டுக்குத் தெம்பு. ஒரு கையில தூக்க முடிஞ்சா அது ஆம்ப்ளிஃபயர் இல்ல, சோத்துத் தூக்கு. கடைக்காரன் முன்னாலயே அப்படிச் சொன்னேன். ரெஜினா என் சட்டையைப் பிடிச்சு இழுத்து வெளிய கூட்டிட்டு வந்தா.

"என்னங்க, புதுசே வாங்கிடுவோம். கடைக்காரனே வந்து மாட்டிக் குடுத்துட்டுப் போவான். நமக்கு ஒரு வேலையும் இல்ல."

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"புரியாதுதான். ஆனா பழசுன்னா நீங்க ஒரு மாசத்துக்கு அதுக்குள்ளதான் குடியிருப்பீங்க. எனக்கு அது புரியும்."

அவ அப்படித்தான் பேசுவா. சிரிக்காமப் பேசுவா.

அந்த வாரமே அமீர்ஜான் பாய் இந்தச் செட்டைக் கொண்டாந்து இறக்கினாரு. வெளிநாடு போற குடும்பம் வித்துட்டுப் போனது. ரெண்டு ஆள் சேர்ந்து தூக்கினோம். பாய் மூச்சு வாங்கிக்கிட்டே, "சூசை அண்ணே, இது ஆம்ப்ளிஃபயர் இல்ல, மாவு ஆட்டுற கல்லு" அப்படின்னாரு. எனக்கு அந்த ஒரு பேச்சே போதும். அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

ரெஜினாவைப் பத்தி ஒண்ணு சொல்லணும். அவ நம்ம மாதா கோயில் பாட்டுக் குழுவுல இருபத்தாறு வருஷம் பாடினவ. ஞாயிறு ரெண்டாம் பூசைக்கு அவ குரல்தான் முன்னால வரும். குரலைவிட காது. ஆர்மோனியத்துல ஒரு கட்டை லேசா இறங்கியிருந்தாலும் முகத்தைச் சுளிப்பா. என் காது சுமார்தான் சார், வெளிய சொல்லிக்கறதில்ல. ஒர்க்‌ஷாப் சத்தத்துல முப்பது வருஷம் இருந்த காது. அதனால செட்டு எது வந்தாலும் அவதான் எனக்கு மீட்டர். கேட்டுச் சொல்லுன்னு உக்கார வைப்பேன். அவ சொன்னா சரியா இருக்கும்.

அந்த ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து, அவ சேலைகூட மாத்தல. செட்டை மாட்டி வச்சிருந்தேன். அந்த வலது ஸ்பீக்கர் இருக்கு பாருங்க, இப்ப அம்மா குனிஞ்சாங்களே, அங்கதான். குனிஞ்சு வலது காதை வச்சா. வால்யூம் முழுசு. நான் பின்னால.

"உம்முனு வருதா?"

"இல்லங்க."

"உஸ்ஸுனு?"

"ஒண்ணுமே இல்ல. அமைதியா இருக்கு."

எனக்குத் தலைகால் புரியல. அவ்வளவு பழைய செட்டு, அவ்வளவு சுத்தம். சரி, சி.டி. பிளேயரோட ஒயரையும் மாட்டிப் பாத்துடுவோம்னு பின்னைச் சொருகினேன்.

அந்தப் பின் இருக்கே சார், அதுல நடுவுல ஒரு கம்பி, சுத்தி ஒரு வளையம். சொருகும்போது நடுக் கம்பி முதல்ல தொடும். வளையம் அப்புறம்தான் தொடும். அந்த ஒரு நொடி இடைவெளியில, கரண்ட்டுல இருக்கற குப்பையெல்லாம் உள்ள போயிடும். அதனால வால்யூமைக் குறைச்சுட்டுத்தான் பின்னைச் சொருகணும். இது பாலபாடம். அந்த வடிவமே சரியில்லைன்னு நான் பல தடவை சொல்லியிருக்கேன், வளையம் முதல்ல தொடற மாதிரி செஞ்சிருந்தா...

பாருங்க, பின்னைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கேன்.

வால்யூமை நான் குறைக்கல. அவ்வளவுதான். வேட்டுச் சத்தம் மாதிரி ஒண்ணு. அலமாரிக் கண்ணாடி அதிர்ந்துச்சு. நான் எழுந்து எட்டிப் பார்த்தா, அவ தரையில உக்காந்திருக்கா. ஒரு கையால காதைப் பொத்திக்கிட்டு.

நான் முதல்ல கேட்டது என்ன தெரியுமா? இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. ஜெசிந்தாவுக்குக்கூடத் தெரியாது. நான் கேட்டேன்: "ஸ்பீக்கர் கிழிஞ்சுடுச்சா?"

அவ ஒரு நிமிஷம் என்னையே பாத்தா. அப்புறம் திரும்பி, ஸ்பீக்கர் காகிதத்தை விரலால தடவிப் பாத்துட்டுச் சொன்னா. "இல்லங்க. ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு."

எனக்கு உசுரு வந்துச்சு சார். அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடுத்தேன். குடுக்காம இல்ல. அதையும் சொல்லிடறேன்.

ரெண்டு நாள் கழிச்சு, பாட்டுப் போட்டுட்டு உக்காந்திருக்கேன், அவ வந்து நின்னா.

"என்னங்க, ஙொய்யுனு ஒரு சத்தம் வந்துக்கிட்டே இருக்கு."

"எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்."

வலது பக்கம்னா வலது ஸ்பீக்கருக்குப் போற வலது சேனல். வேற என்ன? நான் உடனே பாட்டை நிறுத்திட்டு, செட்டு ஓடிக்கிட்டிருக்கும்போதே ஸ்பீக்கர்ல காதை வச்சேன். ஒண்ணுமில்ல. என் காதுக்கு ஒண்ணுமே இல்ல. ஆனா அவ காது மீட்டராச்சே. எனக்குக் கேக்கலன்னா அது என் காதோட குறை, அப்படித்தான் நினைச்சேன். அவமேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை சார். சிரிக்காதீங்க. நம்பிக்கைதான் அது.

செட்டைத் திறந்தேன். வலது சேனல்ல சந்தேகப்பட்ட பார்ட்ஸ் எல்லாத்தையும் கழட்டி மாத்தினேன். அவளைக் கூப்பிட்டேன். "இப்ப?" "இருக்குங்க." பிளக் பாயின்ட்டை மாத்தினேன். "இப்ப?" "இருக்கு, கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கு." ஃபேனை நிறுத்தினேன், ஃபிரிட்ஜை நிறுத்தினேன், பக்கத்து வீட்டுக்காரர்கிட்டப் போய் உங்க மோட்டாரைக் கொஞ்சம் நிறுத்துங்கன்னு சண்டை போட்டேன். ஒவ்வொரு தடவையும் அவ அடுப்பை அணைச்சுட்டு வந்து நின்னு, கண்ணை மூடிக் கேட்டுட்டுச் சொல்லுவா. "இருக்குங்க."

கடைசியில எர்த்து சரியில்லன்னு முடிவு பண்ணினேன். வீட்டு எர்த்து பழசு. கொல்லையில, முருங்கை மரத்துக்கிட்ட, ஆறடிக் குழி நானே வெட்டினேன். இரும்புக் குழாயை நிறுத்தி, கரியும் உப்புமா மாத்தி மாத்திக் கொட்டி மூடினேன். ஆள் வைக்கல, ஒத்தையா வெட்டினேன். இருபத்தோராவது நாள் கம்பியை இழுத்துச் செட்டுல மாட்டிட்டு அவளைக் கூப்பிட்டேன். கையெல்லாம் மண்ணு. தலையில கரி. வேட்டி கிழிஞ்சிருக்கு.

"இப்ப பாரு ரெஜினா. இப்பவும் இருக்கா?"

அவ என்னை மேலயும் கீழயும் பாத்தா. கண்ணை மூடினா. ரொம்ப நேரம் கேட்டா.

"போயிடுச்சுங்க" அப்படின்னா.

சார், அன்னைக்கு நான் இருந்த இருப்பு. ஒர்க்‌ஷாப் முழுக்கச் சொன்னேன். அமீர்ஜான் பாய் குடும்பத்தோட வந்து குழியைப் பாத்துட்டுப் போனாரு. எர்த்து சூசைன்னே பேரு வச்சாங்க. நாலு வீட்டுக்குப் போய்க் குழி வெட்டிக் குடுத்தேன். என் காதுக்கே கேக்காத சத்தத்தை என் வீட்டுக்காரி பிடிச்சா, நான் அதை வெட்டி எடுத்தேன்னு சொல்லுவேன். அவளையும் பக்கத்துல நிக்க வச்சுக்கிட்டே சொல்லுவேன். அவ காபி குடுத்துட்டு உள்ள போயிடுவா.

எர்த்துக் குழி காயக்கூடாது, தினம் தண்ணி ஊத்தணும்னு சொல்லியிருந்தேன். பதினோரு வருஷம் காலையில முதல் குடம் அதுக்குத்தான். கோலம் போடறதுக்கு முன்னால அதுக்கு ஊத்துவா. ஒரு நாள் விட்டதில்ல.

அதுக்கப்புறம் சின்னச் சின்னதா சில மாத்தம். அடுத்த வருஷம் பாட்டுக் குழுவுல இருந்து நின்னுட்டா. என்ன ரெஜினான்னா, தொண்டை சரியில்லங்கன்னா. நான் பனங்கல்கண்டு வாங்கிப் போட்டேன், மிளகு வாங்கிப் போட்டேன், கற்பூரவல்லிச் செடி வச்சேன். எல்லாத்தையும் சாப்பிட்டா. கட்டில்ல என் இடது பக்கம் படுக்கறவ வலது பக்கம் மாறிட்டா. கேட்டா ஃபேன் காத்து ஒத்துக்கலங்கறா. கடைவீதியில நடந்தாலும் சுத்தி வந்து என் வலது பக்கமா நடப்பா. போனை எப்பவும் இடது காதுலதான் வைப்பா. இதெல்லாம் நான் பாத்தேன் சார். பாக்காம இல்ல. இப்ப உங்களுக்கு வரிசையாச் சொல்றேனே, அப்படின்னா பாத்திருக்கேன்தானே.

இன்னொண்ணு. நான் இந்தப் பக்கம் இருந்து கூப்பிடுவேன், அவ அடுப்படியில திரும்பாம நிப்பா. ரெண்டு தடவை கூப்பிடுவேன். மூணாவது தடவை கத்துவேன். "காது என்ன செவிடா?" வீட்டுக்கு வீடு சொல்றதுதானே. நீங்க சொன்னதில்லையா? எல்லாரும் சொல்றதுதான். மத்தபடி நான் அவளை ஒரு சொல் சொன்னவன் இல்ல.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால கிட்னி கெட்டு ஆஸ்பத்திரியில சேர்த்தோம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, அதைச் சொல்லிடறேன். டாக்டரம்மா கட்டிலுக்கு வலது பக்கம் நின்னு, அம்மா உங்க பேர் என்னன்னு கேட்டாங்க. பதில் இல்ல. மறுபடி கேட்டாங்க. நான் சொன்னேன், மயக்கமா இருப்பான்னு. அவங்க சுத்தி இடது பக்கம் வந்து கேட்டாங்க. "ரெஜினா மேரி" அப்படின்னா, தெளிவா.

ஒரு கவட்டை மாதிரி இரும்பு வச்சிருந்தாங்க, அதைத் தட்டி நெத்தியில வச்சுக் கேட்டாங்க. நல்ல சுத்தமான நாதம் சார் அது. அந்த நேரத்துலயும் எனக்கு அது தோணுச்சு. அப்புறம் என் பக்கம் திரும்பி, வலது காது எத்தனை வருஷமாக் கேக்கலன்னாங்க. நான் சொன்னேன், "இல்லங்கம்மா, அவ பாட்டுக் குழுவுல இருந்தவ. அவ காதுதான் எங்க வீட்டுக்கே மீட்டர்." கட்டிலோட கால்மாட்டுல ஜெசிந்தா நின்னா. "அப்பா, சும்மா இருங்க. அம்மாவுக்குப் பதினோரு வருஷமா அந்தக் காது கேக்காது" அப்படின்னா. பாட்டுல சுருதி விலகுதுன்னு குழுவுல சொல்லிட்டாங்களாம். ஆர்மோனியம் வலது பக்கம் இருக்கும், அவளுக்கு அது கேக்கல. அதான் நின்னாளாம். பொண்ணுகிட்ட சொல்லியிருக்கா. அப்பாகிட்ட சொல்லாதேன்னும் சொல்லியிருக்கா.

எனக்குக் கோவம் வந்துச்சு சார். உண்மையைச் சொல்றேன். அந்த நிலைமையில படுத்திருக்கறவமேல எனக்குக் கோவம். ஜெசிந்தா மருந்து வாங்கப் போனதும் கட்டிலுக்கு இந்தப் பக்கம் வந்து, இடது காதுகிட்ட குனிஞ்சு கேட்டேன்.

"ஏன் ரெஜினா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே."

"எப்ப சொன்ன?"

"ஙொய்யுனு சத்தம் வருதுன்னு சொன்னேன். நீங்க செட்டைத் திறந்தீங்க."

அப்புறம் ஏன் சத்தம் போயிடுச்சுன்னு சொன்னன்னு கேட்டேன்.

"கையெல்லாம் மண்ணா இருந்துச்சுங்க. அடுத்து எங்க தோண்டப் போறீங்களோன்னு பயந்துட்டேன்."

சிரிக்காமத்தான் சொன்னா.

அப்புறம் எட்டு நாள் இருந்தா.

ஒர்க்‌ஷாப்ல ஒரு கோளாறு வந்தா முதல்ல என்ன செய்வோம்? மெஷினை நிறுத்துவோம். நிறுத்திட்டும் சத்தம் வருதான்னு கேப்போம். வந்தா அது இந்த மெஷின் இல்ல, வேற எங்கயோ. முப்பது வருஷம் நான் எத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்தது இது. இருபத்தோரு நாள்ல ஃபேனை நிறுத்தினேன், ஃபிரிட்ஜை நிறுத்தினேன், பக்கத்து வீட்டு மோட்டாரை நிறுத்தினேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, செட்டை நிறுத்திட்டு, ரெஜினா இப்ப வருதான்னு கேட்டிருந்தா, வருதுங்கன்னு சொல்லியிருப்பா. அன்னைக்கே டாக்டர்கிட்டப் போயிருந்தா கொஞ்சமாவது மிஞ்சியிருக்குமோ என்னவோ. அவ சொல்லியிருக்கலாம், இல்லையா சார்? இன்னும் கொஞ்சம் புரியற மாதிரி சொல்லியிருக்கலாம். நீங்க என்ன நினைக்கறீங்க அம்மா?

சரி, அது கிடக்கட்டும். அம்மா, நீங்க வாசல்ல புதுசுன்னீங்களே, அது எதுக்கு? இல்ல சார், நீங்க சொல்லாதீங்க. அவங்க சொல்லட்டும்.

பாத்தீங்களா. நீங்க பாட்டுக் கேக்கும்போது அவங்க ஏதாவது பேசினா எரிஞ்சு விழறீங்களாம். ரிமோட் இருந்தா, அடுப்படியில இருந்தே சத்தத்தைக் குறைச்சுட்டுச் சொல்ல வேண்டியதைச் சொல்லலாமாம். கேட்டுக்கிட்டீங்களா சார்? இதுக்கு மேல புதுசா பழசான்னு எங்கிட்ட கேக்காதீங்க.

இருந்தாலும் இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. பாக்காமப் போனா மனசு அடிச்சுக்கும். வாங்க, பாத்துடுவோம். நீங்க பின்னால போக வேணாம், ஒயரைத் தொட வேணாம். இங்க முன்னால நில்லுங்க. வால்யூம் உங்க கையில. அம்மா அந்த நாற்காலியிலேயே இருக்கட்டும். காதை நான் வைக்கிறேன். முட்டி சட்டுனு மடங்காது, கொஞ்சம் பிடிங்க. ம்.

வலது பக்கம் பாப்போம் முதல்ல. சுவிட்சைப் போடுங்க. திருப்புங்க. இன்னும் திருப்புங்க. பயப்படாதீங்க, முழுசா.

இல்ல, குறைக்காதீங்க. கொஞ்ச நேரம் அப்படியே விடுங்க.

ஒண்ணுமே இல்ல சார். அவ்வளவு சுத்தம். இருபத்தோரு நாளும் எனக்கு இப்படித்தான் கேட்டுச்சு.